ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா? சிறுநீரகப் புற்றுநோய் போடும் வேறு கணக்கு

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போகிறார் ஒருவர். பித்தப்பையில் கல் இருக்கும் என்று நினைத்துத்தான் போகிறார். ஸ்கேன் எடுப்பவர் கருவியை விலாப் பக்கம் நகர்த்தி, அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்துகிறார். "கிட்னியில ஒரு கட்டி மாதிரி தெரியுது. டாக்டரைப் பாருங்க" என்கிறார். இன்று சிறுநீரகப் புற்றுநோய் பலரிடம் இப்படித்தான், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படுகிறது.

அடுத்து அறுவை சிகிச்சை. கட்டியை மட்டுமோ, அந்தப் பக்கச் சிறுநீரகத்தை முழுவதுமாகவோ எடுத்துவிடுகிறார்கள். சில நாள்களில் பயாப்சி ரிப்போர்ட் வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்பது ஒரே கேள்விதான்.

"இனி வராதுல்ல டாக்டர்?"

மருத்துவத்திலேயே பதில் சொல்லக் கடினமான கேள்விகளில் இதுவும் ஒன்று. கட்டி சிறுநீரகத்தைத் தாண்டாமல் இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கப் புள்ளிவிவரப்படி 100 பேரில் 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால், கட்டியைச் சுத்தமாக எடுத்த பிறகும் ஒரு பகுதியினருக்கு நுரையீரலிலோ, எலும்பிலோ, மூளையிலோ அது திரும்ப முளைக்கிறது. சிலருக்குப் பத்து ஆண்டுகள் கழித்துக்கூட வருகிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது?

2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 4.3 லட்சம் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தனை குடும்பங்களும் கேட்ட அந்தக் கேள்விக்கான பதிலைக் கட்டியிடமே வாங்க முடியுமா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயன்றுவருகிறார்கள். அதில் ஒரு வழி, கேட்கவே விநோதமானது. புற்றுநோய் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை எடை போடுவது!

செல்லுக்குள் ஒரு தராசு

நம் உடம்பின் சாதாரண செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. மொத்த டிஎன்ஏவின் எடை சுமார் ஆறரை பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். தோல் செல்லோ, சிறுநீரக செல்லோ, இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது. ஒரு செல் இரண்டாகும்போது டிஎன்ஏவை இரட்டிப்பாக்கி, சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிறது.

புற்றுநோய் செல்லில் இந்தப் பாகப்பிரிவினை தகராறில் முடிகிறது. ஒரு செல்லுக்கு 60 குரோமோசோம், இன்னொன்றுக்கு 40 என்று இஷ்டத்துக்குப் போகிறது. இதைத் தீவிரமாக யோசித்த முன்னோடிகளில் ஒருவர் மருத்துவர் அல்ல. தியோடர் போவெரி என்ற ஜெர்மன் உயிரியலாளர். கடல்முள்ளி என்ற சிறு கடல் உயிரினத்தின் முட்டைகளில் குரோமோசோம்கள் தப்பாகப் பிரிந்தால் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், புற்றுநோய்க்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று 1914-ல் ஒரு சிறு நூலே எழுதினார். கடற்கரை உயிரினத்தைப் பார்த்துப் புற்றுநோயை ஊகித்த அந்த மனிதர், அது எந்த அளவுக்குச் சரி என்று தெரிவதற்குள் மறுவருடமே இறந்துபோனார்.

1924-ல் ராபர்ட் ஃபாய்ல்கன் டிஎன்ஏவை மட்டும் நிறமேற்றிக் காட்டும் சாயமுறையைக் கண்டுபிடித்தார். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, டிஎன்ஏ அவ்வளவு அதிகம். 1930-களில் ஸ்டாக்ஹோமில் டோர்பியோர்ன் காஸ்பர்சன், புறஊதாக் கதிரைச் செலுத்தி ஒற்றைச் செல்லுக்குள் இருக்கும் சரக்கை அளக்க வழி செய்தார். ஆனால், ஒவ்வொரு செல்லாக அளந்து எப்போது முடிப்பது?

அதற்கு வந்ததுதான் 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' கருவி. டோல்கேட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுபோல, சாயம் ஏற்றிய செல்கள் மெல்லிய நீரோட்டத்தில் வரிசையாகப் போகும். குறுக்கே லேசர் ஒளி. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான செல்கள். முடிவில் ஒரு வரைபடம் வரும். எல்லா செல்களும் சரியான எடையில் இருந்தால், மலை முகடுபோல ஒரு முகடு, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இதை 'டிப்ளாய்டு' கட்டி என்கிறார்கள். தள்ளி இன்னொரு முகடு எழுந்தால், எடை தவறிய செல்கூட்டம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். அது 'அனூப்ளாய்டு'.

பழைய கட்டைகள் பேசத் தொடங்கின

இதில் ஒரு சிக்கல். இன்று ஒரு கட்டியை எடை போட்டால், அந்த நோயாளிக்கு என்ன ஆனது என்று தெரிய ஐந்து, பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1983-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டேவிட் ஹெட்லி என்பவரின் குழு இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. உலகின் எந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்திலும், வெட்டியெடுத்த கட்டிகளின் துண்டுகளைப் பாரஃபின் மெழுகுக்குள் புதைத்துச் சின்னச் சின்னக் கட்டைகளாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த மெழுகைக் கரைத்து, உள்ளே உறைந்து கிடக்கும் செல்களின் உட்கருவைப் பிரித்தெடுத்து எடை போட முடியும் என்று ஹெட்லி குழு காட்டியது.

இதன் அர்த்தம் பெரிது. பல ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் கட்டை அலமாரியில் இருக்கிறது. அவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 1980-களில் உலகம் முழுக்கப் பரிசோதனைக் கூடங்கள் பழைய அலமாரிகளைத் திறந்தன. மார்பகம், குடல், சிறுநீர்ப்பை, சிறுநீரகம் என எல்லாக் கட்டிகளும் தராசில் ஏறின.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான வேலை நடந்தது ஸ்வீடனின் வடக்கே, ஊமியோ என்ற பல்கலைக்கழக நகரத்தில். பியோர்யே யுங்பெர்க் என்ற சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் 1985-லிருந்து வெளியிட்ட ஆய்வுகளில், எடை சரியாக இருந்த கட்டிக்காரர்கள், எடை தவறிய கட்டிக்காரர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள் என்பது தெரியவந்தது. போவெரியின் ஊகத்துக்கு ஆஸ்பத்திரிக் கணக்கில் ஒரு சான்று.

ஆனால், அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. ஒரு கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரே கட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பல துண்டுகள் எடுத்துத் தனித்தனியே எடை போட்டது.

ஒரு மூலையில் எடுத்த துண்டு 'சரியான எடை' என்றது. அதே கட்டியின் இன்னொரு மூலை, 'தப்பான எடை' என்றது!

பதம் பார்த்த சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுச் சமையலறை விதி. பானைக்குள் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அதனால் விதி செல்லும். சிறுநீரகக் கட்டி அப்படிப்பட்ட பானை இல்லை. ஒரு பக்கம் பச்சரிசி, ஒரு பக்கம் புழுங்கல், நடுவில் கொஞ்சம் கல். எந்த இடத்தில் கரண்டியை விட்டோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

இந்த ஒரு விஷயம்தான் டிஎன்ஏ எடையை நம்பி முடிவெடுக்க விடாமல் தடுத்தது. ஒரே ஒரு துண்டைப் பார்த்து 'உங்கள் கட்டி சாது' என்று சொன்னால், அதற்கு அரை அங்குலம் தள்ளி ஒரு போக்கிரி உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டாவது காரணமும் இருந்தது. சில ஆய்வுகள் எடைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருக்கிறது என்றன. வேறு சில, கட்டியின் நிலையும் தரமும் தெரிந்த பிறகு எடை புதிதாக எதையும் சொல்லவில்லை என்றன. இதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. 1982-ல் அமெரிக்காவின் சூசன் ஃபுர்மன் குழு வகுத்த 'கிரேடு' முறையே, மைக்ராஸ்கோப்பில் செல்லின் உட்கரு எவ்வளவு பெரிதாக, கோணல்மாணலாக இருக்கிறது என்று பார்ப்பதுதான். டிஎன்ஏ அதிகமானால் உட்கருவும் பெருக்கும். தராசு சொல்வதில் பாதியைப் பழகிய டாக்டரின் கண் ஏற்கெனவே பார்த்துவிடுகிறது.

1996-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், மார்பக, குடல் புற்றுநோய்களில் இந்த எடைப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. சிறுநீரகத்திலும் அது ஆய்வுத்தாள்களைத் தாண்டி வார்டுக்குள் வரவில்லை. பின்னாளில் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் சிறுநீரகப் புற்றுநோய் வழிகாட்டுதல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதே யுங்பெர்க்தான். அந்த வழிகாட்டுதலும், நோயின் போக்கைக் கணிக்க எந்த மூலக்கூறுப் பரிசோதனையையும் வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்றே பல ஆண்டுகள் சொல்லிவந்தது. தானே வளர்த்த முறை என்பதற்காகச் சலுகை காட்டாததைப் பாராட்டத்தான் வேண்டும்.

எந்தப் பக்கம் கிழிந்தது?

தராசுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது பிறகுதான் புரிந்தது.

46 புத்தகங்கள் கொண்ட ஒரு தொகுப்பைப் பழைய பேப்பர் கடையில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தராசில் வைத்து இத்தனை கிலோ என்பார். அதில் மூன்றாவது புத்தகத்தின் முதல் பாதி கிழிந்துபோயிருப்பது அவர் தராசுக்குத் தெரியாது.

சிறுநீரகப் புற்றுநோயில் மிக அதிகமாகக் காணப்படும் வகை 'கிளியர் செல்'. இந்த வகையின் 90 சதவிகிதத்துக்கும் மேலான கட்டிகளில், 3-வது குரோமோசோமின் குட்டைக் கை ஒன்று காணாமல் போயிருக்கும். அங்கேதான் விஹெச்எல் என்ற காவல்கார மரபணு இருக்கிறது. 1993-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மரபணு, செல்லுக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்கிறதா என்பதைக் கவனிக்கும் அமைப்பில் ஓர் அங்கம். அது போய்விட்டால், மூச்சுத் திணறுவதாகத் தப்பாக நினைத்துக்கொண்டு செல் புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. கட்டிக்குத் தீனி கிடைத்துவிடுகிறது. செல் ஆக்சிஜனை உணரும் இந்த ரகசியத்தை விளக்கியதற்காகத்தான் 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை பெரிய இழப்பு, எடையில் எவ்வளவு? செல்லின் மொத்த டிஎன்ஏவில் சுமார் ஒன்றரை சதவிகிதம்தான். சாதாரண ஃப்ளோ சைட்டோமெட்ரி வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியாது. அந்தக் கட்டி 'சரியான எடை' என்ற பட்டியலில்தான் போய் உட்காரும்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 'குரோமோஃபோப்' என்ற வகைச் சிறுநீரகக் கட்டியில் 1, 2, 6, 10, 13, 17 என்று வரிசையாகப் பல குரோமோசோம்களே காணாமல் போயிருக்கும். எடை படுமோசமாகக் குறைந்திருக்கும். ஆனால், பொதுவாக அது கிளியர் செல் வகையைவிடச் சாதுவானது. ஆக, எவ்வளவு போனது என்பதைவிட எது போனது என்பதுதான் கேள்வி.

லண்டனில் மறுபடி எண்ணினார்கள்

2012-ல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர், நான்கே நான்கு சிறுநீரகப் புற்றுநோயாளிகளின் கட்டிகளைப் பல துண்டுகளாக்கி, டிஎன்ஏவின் எழுத்துகளையே படித்துப் பார்த்தார்கள். ஒரு கட்டியில் கண்ட மரபணு மாற்றங்களில் 63 முதல் 69 சதவிகிதம் வரை, அதே கட்டியின் எல்லா இடங்களிலும் இருக்கவில்லை. டிஎன்ஏ எடையையும் கூடவே பார்த்தார்கள். நான்கில் இரண்டு கட்டிகளில் இடத்துக்கு இடம் எடை வேறு. ஊமியோவில் 27 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே காட்சி!

நான்கு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதனால், 'ட்ரேசர்எக்ஸ் ரீனல்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனம், ராயல் மார்ஸ்டென் மருத்துவமனையைச் சேர்ந்த சம்ரா துராய்லிக் இதை முன்நின்று நடத்தினார். 2018-ல் முடிவுகள் வெளியாயின. சுமார் 100 நோயாளிகள். அவர்களின் கட்டிகளிலிருந்து 1,200-க்கும் மேற்பட்ட துண்டுகள். சராசரியாக ஒரு கட்டிக்கு 12 கரண்டி சோறு.

இவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளந்தார்கள். ஒன்று, குரோமோசோம்கள் மொத்தத்தில் எவ்வளவு கலைந்திருக்கின்றன. பழைய எடை போடும் யோசனையின் புது வடிவம்தான் இது. இரண்டு, அந்தக் கலைப்பு கட்டியின் இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது கட்டிகளின் குணம் பிரிந்து தெரிந்தது. சில கட்டிகளில் கலைப்பு குறைவு, வேறுபாடும் குறைவு. இவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. சில கட்டிகள் மரம்போலக் கிளை கிளையாகப் பிரிந்து வளர்ந்திருந்தன. இவை பரவினாலும் மெதுவாக, ஓரிரு இடங்களில் மட்டும் பரவின. மூன்றாவது ரகம்தான் ஆபத்து. ஆரம்பத்திலேயே குரோமோசோம்கள் பெரிதாகக் கலைந்து, கட்டி முழுக்க ஒரே மாதிரி ஆகிவிட்டவை. ஒரே நேரத்தில் பல உறுப்புகளுக்குப் பாய்ந்தவை இவைதான். எது போனால் ஆபத்து என்பதற்கும் விடை கிடைத்தது. 9-வது குரோமோசோமின் குட்டைக் கையையும், 14-வதின் நீண்ட கையையும் இழந்த செல்களே வெளியூருக்குக் கிளம்பின. குறிப்பாக 9.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, 3-வது குரோமோசோம் முதன்முதலில் உடைவது பல நோயாளிகளுக்குச் சிறுவயதிலோ, பதின்பருவத்திலோ நடந்திருக்கும் என்று கணக்கிட்டது. கட்டி கண்டுபிடிக்கப்படுவதோ 60 வயதில். பயப்பட வேண்டாம். அப்படி உடைந்த செல்கள் சில நூறுதான் இருக்கும். பெரும்பாலானவர்களிடம் அவை எதுவும் செய்யாமலே கிடந்துவிடும்.

மருந்து யாருக்கு?

இதெல்லாம் ஆய்வகச் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். 2021 நவம்பருக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

அந்த மாதம்தான், அறுவை சிகிச்சை முடிந்த, நோய் திரும்பும் அபாயம் கூடுதலாக உள்ள கிளியர் செல் நோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தர அமெரிக்கா அனுமதித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சுமார் ஓர் ஆண்டு. 994 பேரிடம் நடந்த ஆய்வின் தொடர் முடிவு 2024-ல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, மருந்து எடுத்தவர்களில் 91 சதவிகிதம் பேரும், எடுக்காதவர்களில் 86 சதவிகிதம் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 100 பேரில் 86 பேர் மருந்து இல்லாமலே அந்த நான்கு ஆண்டுகளைக் கடந்திருக்கிறார்கள். மருந்தால் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரின் வீட்டில் அது ஐந்து அல்ல, நூற்றுக்கு நூறு. ஆனால், மருந்தும் சும்மா போவதில்லை. தூண்டிவிடப்பட்ட நோயெதிர்ப்புச் சக்தி, தைராய்டு, குடல், கல்லீரல், அட்ரீனல் சுரப்பி என்று சொந்த உறுப்பையே தாக்கலாம். சிலருக்கு ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டிவரும். செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால், மற்றவர்களில் பெரும்பாலோரை விட்டுவிடலாம். டிஎன்ஏ கணக்கின் மேல் இத்தனை பேர் கண் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இப்போதைக்கு டாக்டர்கள் இதை முடிவு செய்வது ரிப்போர்ட்டில் இருக்கும் சில வரிகளை வைத்து. கட்டி எந்த வகை, எத்தனை சென்டிமீட்டர், சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்புக்குள்ளோ, ரத்தக்குழாய்க்குள்ளோ நுழைந்திருக்கிறதா, நிணநீர் முடிச்சில் இருக்கிறதா, கிரேடு 1 முதல் 4-க்குள் எது, கட்டிக்குள் செத்துப்போன திசு, அதாவது 'நெக்ரோசிஸ்' இருக்கிறதா. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மதிப்பெண் போட்டு நோய் பரவும் வாய்ப்பைச் சொல்லும் முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003-ல் வெளியிட்டது. இன்றும் பல நாடுகளில் அதுதான் கைகொடுக்கிறது. அடுத்த ஸ்கேன் மூன்று மாதத்திலா, ஒரு வருடத்திலா என்பதும் இதைப் பொறுத்ததே. ரிப்போர்ட்டில் இந்த வரிகளில் ஏதாவது விடுபட்டிருந்தால், டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

'ஒரு சோறு' பிரச்னையை இந்த முறையிலும் ஓரளவு சமாளிக்கிறார்கள். கட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு துண்டு, குறைந்தது மூன்று துண்டுகளாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச நோய்க்கூறியல் நிபுணர்களின் பரிந்துரை. ஏழு சென்டிமீட்டர் கட்டி என்றால் ஏழு துண்டு. அப்போதும் கட்டியின் மிகச் சிறிய பகுதிதான் கண்ணாடித் தகட்டுக்கு வருகிறது. மீதி ஃபார்மலின் டப்பாவில் சில காலம் கிடந்துவிட்டு, மருத்துவக் கழிவோடு எரிக்கப் போய்விடும்.

துராய்லிக் குழுவினர் 2020-ல் கை வைத்தது அந்த மீதியில். தூக்கிப்போட இருந்த கட்டி முழுவதையும் எடுத்து, மிக்ஸியில் விழுது அரைப்பதுபோல ஒரே கூழாக அரைத்து, நன்றாகக் கலக்கி, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து டிஎன்ஏவைப் படித்தார்கள். கட்டியின் எந்த மூலையில் இருந்த செல்லும் அந்தக் கூழில் தன் பங்குக்கு வந்து விழுந்திருக்கும். இரண்டு முறை வெவ்வேறு கரண்டி எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பதில் வருகிறது என்பதைக் காட்டினார்கள். பரிசோதனைக் கூடங்களில் இது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஃபார்மலின் டப்பாக்கள் வழக்கம்போலவே போய்க்கொண்டிருக்கின்றன.